பதினெட்டில் என் பங்கு

போன ஞாயிற்றுக்கிழமை உன் மகள் வந்திருந்தாள். அவளுக்குப் பிடிக்குமே என்று தேங்காய்ச் சட்னி அரைக்க மிக்சியைப் போட்டால் வயரில் பொறி பறந்தது. ஓரிடத்தில் தோலுரிந்து உள்ளே செம்பு தெரிந்தது. நான் பிளக்கைப் பிடுங்கினேன். "மாவுஷி, கறுப்பு டேப் இருக்கா?" என்று, சித்தி என்பதை எப்போதும்போல மராத்தியில் சொல்லிக் கேட்டவள், என் வீட்டுக்காரரின் டப்பாவிலிருந்து அவளே எடுத்து, முனையை நகத்தால் கிளப்பி, சுருக்கம் விழாமல் சுற்றிப் பல்லால் கடித்து அறுத்துவிட்டாள். நான் டப்பாவை மூடுவதற்குள் வேலை முடிந்திருந்தது. அவளுக்கு யாரும் சொல்லிக்கொடுத்திருக்க முடியாது. அது உன் கை. டேப்பின் பசை வாசனை சமையலறையில் நின்றது. எனக்குச் சட்னி அரைக்கவே மனசில்லாமல் போய்விட்டது.

அவள் வந்தது கல்யாணச் செய்தி சொல்ல. பையன் நல்ல இடம், விஷ்ராந்த்வாடி பக்கம் சொந்த வீடு, தமிழ் ஆட்கள்தான். இதெல்லாம் சொல்லிவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அப்பா ஒண்டியா மணைல உக்காரக் கூடாதாம், அத்தை சொல்றாங்க. நீங்களும் உங்க வீட்டுக் காகாவும் உக்காந்து என்னத் தாரை வாத்துக் குடுக்கணும். அம்மா இருந்தாலும் உங்களத்தான் சொல்லும்" என்றாள். நான் "பாக்கலாம்மா" என்றேன். அழுகை வருவதால் அப்படிச் சொல்கிறேன் என்று நினைத்து அவள் என் முதுகைத் தடவினாள். அழுகை வரவில்லை. வெட்கம் வந்தது. உன் இடத்தில் உட்கார எனக்கு என்ன யோக்கியதை என்பது இந்த உலகத்தில் இரண்டு பேருக்குத்தான் தெரியும். அதில் ஒருத்தி நீ, போய்விட்டாய்.

நீ இருந்தால் "சுருக்கா சொல்லுடி" என்பாய். எனக்குத்தான் சுருக்கமாக ஒன்றும் வராதே.

நாம் ரஞ்சன்காவ் கம்பெனியில் சேர்ந்த வருஷம் உன் மகள் ஆறாம் வகுப்பு. ஏரவாடா முனையில் விடியும் முன்னே கம்பெனி பஸ் வரும். நீ திருவண்ணாமலைப் பக்கம், நான் வேலூர். ஆனால் இரண்டு பேருக்கும் ஊர் என்பது ரேஷன் கார்டு மாற்றாத இடம், அவ்வளவுதான். நகர் ரோட்டில் வாகோலி தாண்டும்வரை தூங்குவோம், ஷிக்ராபூரில் டீ வாசனைக்கு எழுவோம். அங்கே நம் வேலை வண்டிகளுக்கான வயர் கொத்து கட்டுவது. விளக்குக்கு ஒரு வயர், ஹாரனுக்கு ஒரு வயர் என்று வண்ண வண்ணமாக வரும். ஆணி அடித்த பெரிய பலகையில் கோட்டின்மேல் அவற்றைக் கிடத்தி, ஒன்றாகச் சேர்த்து, கறுப்பு டேப் சுற்ற வேண்டும். ஒரு பலகைக்கு இரண்டு பெண்கள், எதிரும் புதிருமாக. நடுவில் ஒரு சிவப்புக் கோடு. அந்தப் பாதி உனக்கு, இந்தப் பாதி எனக்கு. சாயங்காலம் சூப்பர்வைசர் காளே சார் வந்து கரும்பலகையில் ஜோடிக்கு ஒரு எண் எழுதுவார். யார் எவ்வளவு என்று தனித்தனியாக எழுதும் வழக்கம் அங்கே கிடையாது.

நம் எண் பதினெட்டு. லைனிலேயே அதுதான் பெரிய எண். மற்ற ஜோடிகள் பதினைந்தில் நின்றன, அதிகம் போனால் பதினாறு.

எனக்குப் பள்ளிக்கூடத்தில் கணக்கு நன்றாக வரும் என்று உனக்குத் தெரியும், ஏனென்றால் நான் அதைத் தினமும் சொல்லுவேன். பலகை முன் நின்றால் எனக்குக் கை ஓடுவதற்கு முன் கணக்கு ஓடும். டீ வேளைக்குள் ஏழு முடிந்தால் சாப்பாட்டுக்குள் பத்து, அப்படியானால் கடைசிக் கொத்து நாலரைக்கு முடியும், பஸ்ஸுக்கு முன் முகம் கழுவ நேரம் இருக்கும். நான் சொன்ன நேரத்துக்கு அது முடியும். மராத்திப் பெண்கள் எனக்குக் கடியாள் என்று பேர் வைத்தார்கள். அவர்கள் பாஷையில் கடிகாரம். "ஏ கடியாள், கிதி வேள் லாகேல்?" என்று இந்தப் பக்கம் ஒருத்தி, அந்தப் பக்கம் ஒருத்தி கேட்பார்கள், இன்னும் எவ்வளவு நேரம் ஆகும் என்று. நானும் அவர்கள் கையைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு நேரம் சொல்லுவேன். ஜோசியம் சொல்வதுபோல அதில் எனக்கு ஒரு பெருமை. நீ குனிந்த தலை நிமிராமல், "நீ மணி சொல்லிக்கினே இரு, கை அதுபாட்டுக்குப் போவும்" என்பாய்.

போனது உன் கை. என் கை போகவில்லை. எனக்கு டேப் சுருங்கும், பிரித்துச் சுற்றுவேன். பச்சை வயரை நீல வயர் இடத்தில் கிடத்திவிட்டுத் தேடுவேன். நடுவில் பக்கத்துப் பலகைக்காரியின் மாமியார் கதை வேறு. நீ உன் பாதியை முடித்துவிட்டுச் சிவப்புக் கோட்டைத் தாண்டி என் பக்கம் கட்டிக்கொண்டே வருவாய். ஒரு நாளாவது நான் அந்தக் கோடு வரை வந்திருக்கிறேனா என்று யோசித்துப் பார்க்கிறேன். நினைவில் இல்லை. அப்போது இதெல்லாம் எனக்குத் தப்பாகவே படவில்லை. பாதி வேலை கணக்கு, பாதி வேலை கை என்று வைத்துக்கொண்டிருந்தேன்.

உன் தம்பி கல்யாணத்துக்கு நீ மூன்று நாள் ஊருக்குப் போனாய், ஞாபகம் இருக்கும். வேறு ஆள் இல்லை, தனியாகக் கட்டு என்றார் காளே சார். முதல் நாள் முடிவில் ஐந்து. இரண்டாம் நாள் வாயைத் திறக்காமல், தண்ணீருக்குக்கூடப் போகாமல் நின்றேன். ஐந்து. மூன்றாம் நாளும் அதேதான்.

அன்று பஸ்ஸில் எனக்குப் பள்ளிக்கூடத்துக் கணக்கு ஒன்று ஞாபகம் வந்தது. ராமனும் சோமனும் சேர்ந்து ஒரு வேலையை ஆறு நாளில் முடிப்பார்கள். ராமன் மட்டும் செய்தால் எட்டு நாள். சோமன் மட்டும் செய்தால்? நான்தான் முதலில் கையைத் தூக்கினேன். இருபத்துநாலு நாள். வகுப்பே சிரித்தது. இந்தச் சோம்பேறியை ராமன் எதற்குக் கூட்டிக்கொண்டான் என்று கேட்டு டீச்சரையும் சிரிக்கவைத்தேன். ஷிக்ராபூர் பாலத்தில் பஸ் ஏறும்போது பதினெட்டிலிருந்து ஐந்தைக் கழித்தேன். பதின்மூன்று. அதற்கு மேல் அதை யோசிக்காமல் ஜன்னல் வழியே கரும்புத் தோட்டத்தைப் பார்த்துக்கொண்டு வந்தேன்.

நீ திரும்பி வந்தாய், கை நிறையக் கல்யாண வீட்டு அதிரசம். "எத்தினி போச்சு?" என்று கேட்டாய். "ஒருத்தியா நின்னா ஆவாதுடி. இந்தப் பக்கம் அந்தப் பக்கம்னு பலகைய சுத்திச் சுத்தி ஓடவே நேரம் போயிடுது" என்றேன். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்ற கதைதான். நீ என்னை ஒரு பார்வை பார்த்து, "ஆமாமா, தனி மரம் தோப்பாவுமா" என்று சொல்லி இன்னொரு அதிரசத்தை என் கையில் வைத்தாய். நீ நம்பிவிட்டாய் என்றுதான் நினைத்தேன். நினைக்க வசதியாக இருந்தது.

அடுத்த மழைக்காலத்தில் உன் வலது மணிக்கட்டு வீங்கத் தொடங்கியது. பஸ்ஸில் நான்தான் தைலம் தேய்த்துவிடுவேன். கட்டை விரலைப் பின்னால் மடக்கினால் நீ பல்லைக் கடிப்பாய். ஒரு பழைய சேலைக் கிழிசலைக் கட்டிக்கொண்டு வேலை செய்வாய். பதினெட்டு பதினாறாகிவிட்டது, காளே சார் கவனிக்கவில்லை, நாம் இரண்டு பேரும் கவனித்தோம்.

அந்தச் சமயத்தில்தான் அவசர ஆர்டர் வந்தது. திங்கட்கிழமை தொடங்கி ஜோடிக்குத் தொண்ணூறு கொத்து. காளே சார் ஒவ்வொரு பலகையாக வந்து எப்போது முடியும் என்று கேட்டார். மற்ற பெண்கள் மண்டையைச் சொறிந்து, காய்ச்சல் தலைவலிக்கெல்லாம் இடம் விட்டு, அடுத்த புதன், வியாழன் என்றார்கள். நம் பலகைக்கு வரும்போதே அவர் சிரித்துக்கொண்டு வந்தார். "போல் கடியாள்" என்றார், சொல்லு என்று. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். தொண்ணூறைப் பதினெட்டால் வகுத்தேன். ஐந்து. "ஷுக்ரவார் ஷாம், சார்." வெள்ளிக்கிழமை சாயங்காலம்.

ஊரார் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே என்பார்களே, அதுதான். பதினாறால் வகுத்திருக்கலாம். வகுத்திருந்தால் சனிக்கிழமை என்று வந்திருக்கும், ஒரு நாள் மூச்சு விட்டிருப்பாய். காலையில்தான் அந்தக் கைக்குத் தைலம் தேய்த்தேன், மத்தியானம் அதே கையை நல்ல கை என்று கணக்கில் போட்டேன். நீ பலகைக்கு அந்தப் பக்கம் கட்டுப் போட்ட கையோடு நின்றாய். கோபப்படுவாய் என்று நினைத்தேன். "சொல்லிட்ட இல்ல. செய்வோம், வா" என்றாய்.

செய்தாய். புதன்கிழமையிலிருந்து டீக்குப் போகவில்லை. வலது கை முடியாதபோது இடது கையால் இழுத்து வலது கையால் அழுத்தினாய். நானும் என் பங்குக்கு ஓடினேன், பொய் சொல்ல மாட்டேன், ஆனால் என் ஓட்டம் உனக்குத் தெரியும். வெள்ளிக்கிழமை வெளியே பஸ் ஹாரன் அடித்துக்கொண்டிருக்கும்போது தொண்ணூறாவது கொத்து கீழே இறங்கியது. காளே சார் எல்லோர் எதிரிலும் என்னைப் பாராட்டினார். என்னை மட்டும். சொன்னால் சொன்ன நேரம் என்றார். நான் வெட்கமில்லாமல் சிரித்தேன்.

அதற்குப் பிறகு உன் கை எழவில்லை. பதினான்கு, பன்னிரண்டு என்று இறங்கி நம் எண் ஒன்பதில் வந்து நின்றது. தீபாவளி முடிந்ததும் லைனில் ஆள் குறைக்கப்போகிறார்கள் என்ற பேச்சு வந்தது. உன் வீட்டுக்காரர் கட்டட வேலை, மழை பெய்தால் வீட்டில்தான். உன் வீட்டில் மாதம் தவறாமல் வந்தது உன் சம்பளம் ஒன்றுதான். என் வீட்டில் இவர் பிரஸ்ஸில் நிரந்தர வேலை. நான் நின்றால் எனக்குச் சேலை குறையும். நீ நின்றால் உன் மகளின் பள்ளிக்கூடம் நிற்கும். இதுவும் எனக்குத் தெரியாத கணக்கில்லை.

காளே சார் நம் இருவரையும் கண்ணாடி அறைக்குள் கூப்பிட்டார். இந்தியில்தான் பேசினார். பதினெட்டு போட்ட பலகை இப்போது ஒன்பது போடுகிறது. இருவரில் ஒருத்தி ஸ்லோ. யார் என்று நீங்களே சொல்லிவிடுங்கள், ஒருத்திதான் இருக்க முடியும். கெட்ட மனுஷர் இல்லை, அவருக்கும் மேலே ஆள் இருந்தது.

நான் சொன்னேன். உனக்காக நான் தலையைக் கொடுத்தேன் என்று எல்லோரும் சொல்லும் கதையில் இந்த இடம் மட்டும் நிஜம். "ஸ்லோ தோ மை ஹூம், சாப்" என்றேன். ஸ்லோ நான்தான். ஆனால் எப்படிச் சொன்னேன் என்று உனக்குத் தெரியும், நீ பக்கத்தில் நின்றாய். உன் தோளில் கையைப் போட்டுக்கொண்டு, கொஞ்சம் சிரித்துக்கொண்டு, தோழிக்காகத் தலையைக் கொடுப்பவள் எப்படிச் சொல்லுவாளோ அப்படிச் சொன்னேன். அவர் முகம் இளகிவிட்டது. "அரே, தோஸ்தி நிபா ரஹீ ஹோ" என்றார். நட்புக்காகச் சொல்கிறாய் என்று அர்த்தம். அந்த நிமிஷம் நான் ஒரு எண்ணைச் சொல்லியிருந்தால் போதும். சார், இவள் ஊருக்குப் போன மூன்று நாளும் நான் கட்டியது ஐந்து ஐந்துதான், உங்கள் கையால்தான் எழுதினீர்கள். அவ்வளவுதான். அவர் கணக்குத் தெரிந்த மனுஷர், மீதியை அவரே போட்டிருப்பார். கேட்டவர்களுக்கும் கேட்காதவர்களுக்கும் எண் சொல்லித் திரிந்தவள், அந்த அறைக்குள் ஒரு எண்ணும் சொல்லவில்லை. உண்மையைச் சொன்னேன், யாரும் நம்பாதபடி சொன்னேன்.

நீ கையை நீட்டிக் காட்டி, "ஹாத் மேரா கராப் ஹை, சாப்" என்றாய். கெட்டுப்போனது என் கைதான் என்று. அந்த மாதக் கடைசியோடு உன்னை நிறுத்தினார்கள்.

அன்றைய பஸ்ஸில் அந்தப் பெண்கள் என்னைக் கொண்டாடியதை நினைத்தால் இன்னும் உடம்பு கூசுகிறது. "மைத்ரீண் அஸாவீ தர் அஷீ" என்று ஒருத்தி என் கன்னத்தை வழித்துத் திருஷ்டி கழித்தாள். தோழி என்றால் இப்படி இருக்க வேண்டுமாம். நீ ஜன்னல் ஓரம் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு வந்தாய். "அப்படி இல்ல" என்று நான் சொல்லச் சொல்ல அவர்களுக்கு என்மேல் மதிப்புக் கூடியது. வாகோலி வரும்போது நீ என் பக்கம் திரும்பி, "போனா போவுது, உடு" என்றாய். எதை விடச் சொன்னாய் என்று கேட்கும் தைரியம் எனக்கு இல்லை.

அதன் பிறகு நடந்தது உனக்கு முழுக்கத் தெரியாது. என்னோடு ஒரு புதுப் பெண்ணைப் போட்டார்கள். எண் ஏறவில்லை. நட்புக்காகத் தலையைக் கொடுக்கவந்த கடியாள் ஸ்லோவாக இருக்க முடியுமா? அந்தப் பெண்ணை மாற்றினார்கள். அடுத்தவளையும் மாற்றினார்கள். அவள் போகும்போது அழுதாள், நான் ஆறுதல் சொன்னேன். கடைசியில் ஆளுக்கொரு சின்னப் பலகை வந்தது, ஆளுக்கொரு எண். இரண்டாம் நாளே முட்டிவலி என்று சொல்லி வேலையை விட்டுவிட்டேன். என் எண்ணை என் பேருக்கு நேரே எழுதி நாலு பேர் பார்க்கும்படி அங்கே நிற்க என்னால் முடியவில்லை.

வேலையை விட்ட வாரம் உன் வீட்டுக்கு வந்தேன். நீ சந்தில் வேலைக்குப் போகிறவர்களின் குழந்தைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாய். "கைக்கு வேல இல்ல, வாய்க்குத்தான்" என்றாய். ஒன்று உன் மடியில், ஒன்று உன் முதுகில். டீ போட்டுக் கொடுத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தாய். ஊர்க் கதை பேசிக்கொண்டிருந்தவள் திடீரென்று கேட்டாய்.

"நான் தம்பி கல்யாணத்துக்குப் போயிருந்தப்ப, நாளைக்கு எத்தினிடி கட்டின?"

"அஞ்சு" என்றேன்.

"நான் ஆறு இருக்கும்னு நெனச்சேன்" என்றாய்.

குத்திக்காட்டச் சொல்லவில்லை. உன் குரலில் கோபமும் இல்லை. விலை விசாரித்துத் தெரிந்துகொண்டவள் மாதிரிச் சொல்லிவிட்டு, முதுகில் இருந்த குழந்தையை இறக்கி மூக்கைத் துடைத்தாய். எல்லா நாளும் உனக்குத் தெரிந்திருக்கிறது. எனக்கு ஒன்று கூடுதலாகவே போட்டு வைத்திருக்கிறாய். அப்போதாவது உன் காலைப் பிடித்து அழுதிருக்கலாம். டீயைக் குடித்துவிட்டு, இவர் வரும் நேரம் என்று சொல்லி எழுந்துவந்தேன்.

அதற்கப்புறம் எத்தனையோ தடவை பார்த்தோம், மார்க்கெட்டில், கோவிலில், தண்ணீர் லாரி முன்னால். அந்தப் பேச்சை நீயும் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை. பிறகு அந்த ஆவணி மாதக் காய்ச்சலில் ஒரே வாரத்தில் போய்விட்டாய். உன் வீட்டு வாசலில் நான் கால் வைத்ததும் உன் மகள் ஓடிவந்து கட்டிக்கொண்டாள். ஊரிலிருந்து வந்திருந்த உன் நாத்தனாரிடம் என்னைக் காட்டி, "இவங்கதான் மாவுஷி. அம்மாவுக்காக சார் கிட்ட போய் நான்தான் ஸ்லோன்னு சொன்னாங்க. அம்மா எப்பவும் சொல்லும்" என்றாள்.

அம்மா எப்பவும் சொல்லும். எதற்காக அப்படிச் சொல்லி வைத்தாய்? என்னைக் காப்பாற்றவா? நம் பிள்ளை ஒரு நல்ல கதையைக் கேட்டு வளரட்டும் என்றா? இல்லை, நான் சொன்ன அந்த அரை உண்மையை நீ முழுசாகவே எடுத்துக்கொண்டாயா? பிணத்தின் முன் நின்று உன்னைக் கோபித்துக்கொண்ட ஒரே ஆள் நானாகத்தான் இருப்பேன். அன்றும் நான் வாயைத் திறக்கவில்லை. எழவு வீட்டில் எதற்கு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பிறகு பரீட்சை நேரத்தில் எதற்கு, வேலைக்குச் சேர்ந்த புதுசில் எதற்கு என்று தள்ளிக்கொண்டே வந்து, இப்போது கல்யாண நேரத்தில் எதற்கு என்பதில் வந்து நிற்கிறேன்.

நேற்று போன் செய்தாள். "மாவுஷி, லக்ஷ்மி ரோட்ல இருக்கேன். மணைல உக்கார உங்களுக்கு என் கையால ஒரு புடவ எடுக்கணும். இன்னா கலர் வேணும்?" என்றாள். நான், "உங்கம்மா வேலைய உட்டது பத்தி உன்னாண்ட ஒண்ணு சொல்லணும்மா" என்று ஆரம்பித்துவிட்டேன். நிஜமாகவே ஆரம்பித்தேன். "சொல்லுங்க மாவுஷி" என்றாள். பின்னால் கடைச் சத்தம், யாரோ மீட்டர் போட்டுத் துணி கிழிக்கிறார்கள். அவள் பொறுமையாகக் காத்திருந்தாள், உன்னை மாதிரியே.

சொல்ல வேண்டியது அந்த ஒரே ஒரு எண். அதைச் சொல்ல எவ்வளவு நேரம் ஆகும் என்று யாராவது என்னைக் கேட்டிருந்தால், மூச்சு விடும் நேரம்கூட ஆகாது என்று அடித்துச் சொல்லியிருப்பேன்.

"மெரூன்" என்றேன்.

சாயங்காலமே கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனாள். மெல்லிய ஜரிகை, அகலக் கரை, உனக்கும் பிடித்திருக்கும். அவள் போன பிறகு கதவைச் சாத்திக்கொண்டு உடுத்திக் கண்ணாடியில் பார்த்தேன். எனக்கு நன்றாகத்தான் இருக்கிறது.